வத்தல் கையும் அம்பயர் கண்ணும்

பசுவந்தனை,
பங்குனி 18, செவ்வாய்க்கிழமை.

எட்டயபுரத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்து ஊரார் வண்டியை எல்லாம் ஓட வைத்துவிட்டு, அக்கா வீட்டுக்கு வர மட்டும் வண்டி கிடைக்காத என் உடன்பிறந்த தம்பி கொம்பையாவுக்கு, உன் அக்கா வெயிலம்மாள் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உன் அத்தானும், உன் மருமகள் இசக்கிச்செல்வியும், எருமை இரண்டும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கு நீயும் அழகுத்தாயும் பிள்ளைகளும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று சாமியிடம் தினமும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வருசம் மழை ஏமாற்றினாலும் மிளகாய் வத்தல் நல்ல சிவப்பு. களத்தில் காய்கிறது. காற்று அடித்தால் தெருவே தும்முகிறது.

போனை விட்டுட்டு அக்கா ஏன் காயிதம் எழுதுதான்னு யோசிப்ப. போன்ல நான் 'அத்தான்'னு ஆரம்பிச்ச உடனே, 'அக்கா, கையில ஸ்பேனர் இருக்கு, பொறவு பேசுதேன்'னு வச்சிருத. ஒரு வருசமா அதே ஸ்பேனரைத்தான் கையில வச்சிருக்க போல. கீழ வைலே, கை வலிக்கப் போகுது. காயிதம்னா நீ பாதியில வைக்க முடியாது. கிழிச்சுப் போட்டாலும் ஒட்டிப் படிக்க வீட்டுல ஆள் இருக்கு. அழகுத்தாயி, இவன் கிழிச்சா நீ ஒட்டிப் படிச்சுக் காட்டும்மா. நான் அஞ்சாங்கிளாசோட நின்னவ, எழுத்து முன்னப்பின்ன இருக்கும், பொறுத்துக்கோ.

விசயத்துக்கு வாரேன். போன வருசம் நடந்தது உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் முழுசா ஒரு தடவை சொன்னாத்தான் என் மனசு ஆறும். நம்ம ஊர் கிரவுண்டுல ஹாக்கி டோர்னமெண்ட் பைனல், உன் எட்டயபுரம் டீமும் இடைசெவல் டீமும். உன் அத்தான் அம்பயர். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். கடைசி நிமிசத்துல இடைசெவல்காரன் ஒருத்தன் அடிச்ச பந்து வலைக்குள்ள கெடக்கு. அவிய விசிலை ஊதி, கோல்னு கையைக் காட்டிட்டாக. நீ ஓடி வந்து, 'பந்து கம்பத்துக்கு வெளிய போயி, சைடு வலை ஓட்டை வழியா உள்ள நுழைஞ்சிருக்கு அத்தான்'னு சொன்ன. சரி, சொன்னதுல தப்பில்ல. ஆனா பேரு வாசிக்க வச்சிருந்த மைக்குக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'அந்தச் சோடாபுட்டியைத் தொடைச்சிட்டுப் பாருங்க அத்தான்'னு சொன்ன பாரு, அது பஸ் ஸ்டாப்புல கடலை வித்துக்கிட்டு இருந்தவன் வரைக்கும் கேட்டுச்சு. அவியளுக்கு முகம் செத்துப் போச்சு. 'இனிமே என் வீட்டு வாசப்படியை மிதிக்காத'ன்னாக. நீயாவது வாயை மூடிக்கிட்டுப் போயிருக்கலாம். 'மொதல்ல வாசப்படி எங்கன இருக்குன்னு நீங்க பாத்துக்கிடுங்க'ன்ன. எனக்கு அந்த எடத்துலயே சிரிப்பு வந்துட்டு. முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு நின்னேன், அதையும் அவிய பாத்துட்டாக. கோல்கம்பம் தெரியாத கண்ணுக்குப் பொண்டாட்டி சிரிக்குதது மட்டும் எப்படித்தான் தெரிஞ்சுதோ.

அன்னைக்கே சபதம் போட்டாக, கண்ணாடி போட்டுக்கிட்டு இனி ஒரு மேட்சுக்கும் விசில் ஊத மாட்டேன்னு. கண்ணாடி இல்லாம ஊதவும் முடியாது. ஆக ஒரு வருசமா அந்த விசில் வீட்டுலதான் வேலை பாக்குது. எருமை வேலியைத் தாண்டுனா விசில். குழம்பு பொங்குனா விசில். ஒரு நாள் உப்பு கூடிப் போச்சுன்னு பைக்குள்ள இருந்து, ஆட்டத்துல தப்புப் பண்ணவனை வெளிய நிப்பாட்டுத பச்சை அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரா நீட்டுதாக, ரெண்டு நிமிசம் அடுப்படிக்கு வெளிய நிக்கணுமாம். நான் நின்னேன். நின்னுக்கிட்டே, 'அப்ப அடுத்த ஆளை உள்ள எறக்குங்க, அடுப்பு எரியுது'ன்னேன். அவியளேதான் எறங்குனாக. இசக்கிச்செல்வி அந்தப் பைனலைப் போன்ல வீடியோ எடுத்து வச்சிருக்கான்னும், அதைப் பாத்தா உண்மை தெரியும்னும் நீ ஆள் மேல ஆள் விட்டுச் சொல்லியனுப்புன. 'அம்பயர் சொன்னா சொன்னதுதான், படம் பாத்துக் கோல் குடுக்க நான் என்ன தியேட்டரா நடத்துதேன்'னு அவிய முகத்தைத் திருப்பிக்கிட்டாக. நானும் ஒருக்கா போன்ல போட்டுப் பாத்தேன். பந்து கடுகு அளவுக்குக்கூடத் தெரியல, காலும் புழுதியுந்தான். அதனால நீ சொன்னது சரியா அவிய சொன்னது சரியான்னு எனக்குத் தெரியாது. மூத்தவரை மைக்குல வச்சுச் சொன்னது தப்பு, அது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில, மாசி மாசம் உன் மருமவ, 'அப்பா, கண்ணாடியே போடாம கண்ணுல ஒட்டிக்கிடுத லென்ஸ் இருக்குப்பா, எங்க ஸ்கூல் கோல்கீப்பர் போட்டிருக்கா'ன்னு சொன்னா. 'கண்ணுலயா? எதை வச்சு ஒட்டுவாக?'ன்னு கேட்டாக. ஸ்டாம்பு ஒட்டுத மாதிரி நாக்குல தொட்டு ஒட்டுவாகன்னு நான் சொல்லி வச்சேன். ரெண்டு நாள் அதை நம்பிக்கிட்டு இருந்தாக பாவம். மூணாம் நாள் முகச்சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, என்னையும் கூட்டிக்கிட்டு கோவில்பட்டிக்குக் கெளம்பிட்டாக. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹிதாயத்துல்லா பாய் கண்ணாடிக் கடை வச்சிருக்காகள்லா, அங்கன. பாய் மகள் அப்சானா கண்ணுக்குன்னே படிச்சிட்டு வந்து கடையில உக்காந்திருக்கு. ரொம்பப் பொறுமையான பிள்ளை. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுமையா இருந்துச்சு.

மொதல்ல சுவர்ல மாட்டியிருந்த எழுத்து அட்டையை வாசிக்கச் சொல்லிச்சு. உன் அத்தான் கண்ணாடியைக் கழத்திட்டு மேல இருந்து அஞ்சு வரியைத் தங்குதடை இல்லாம ஒப்பிச்சாக. அப்சானா அசந்து போச்சு. விளக்கை அமத்திட்டு மறுபடியும் போட்டு, 'இப்ப வாசிங்க அண்ணாச்சி'ன்னுச்சு. அதே அஞ்சு வரியைத் திரும்பவும் ஒப்பிச்சாக. 'அண்ணாச்சி, நான் அட்டையை மாத்திட்டேன்'னுச்சு. எங்களுக்கு முந்தி உக்காந்திருந்த ஆளு வாசிச்சதை வெளிய பெஞ்சுல இருந்து மனப்பாடம் பண்ணியிருக்காகலே! பள்ளிக்கூடத்துல இந்தப் புத்தி இருந்திருந்தா இந்நேரம் கலெக்டராயிருப்பாக. 'இந்தக் கண்ணாடி எப்ப எடுத்தது?'ன்னு கேட்டுச்சு. 'இப்பத்தான் தாயி'ன்னாக. 'எங்க மக பால்வாடி போகையில எடுத்தது, இப்ப அவ ஒன்பதாவது'ன்னு நான் சொன்னேன். எனக்கு அங்கனயே ஒரு பச்சை அட்டை விழுந்திருக்கும், பை வீட்டுல இருந்துச்சு. கடைசியில பாத்தா, அவியளுக்கு வேண்டிய பவர்ல பாதிதான் அந்தக் கண்ணாடியில இருந்துச்சாம். ஏலே, இந்த எடத்தை நீ படிக்கலைன்னு வச்சுக்கோ. படிச்சாலும் மைக்குப் பக்கம் போயிராத.

லென்சுன்னா என்னவோ ஏதோன்னு நெனச்சேன், வெங்காயச் சருகுக்குள்ள இருக்குமே ஒரு மெல்லிசுத் தோலு, அதுல பொட்டு அளவுக்கு வெட்டி எடுத்த மாதிரி இருக்கு. அதை விரல் நுனியில வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளை கிட்ட வந்துச்சு. அது ஒரு அடி முன்னால வந்தா இவிய நாற்காலியோட ஒரு அடி பின்னால போறாக. சுவர் வந்துட்டு. சுவர்லயும் ஏறப் பாத்தாக. பொறவு பாய் வந்து பின்னால நின்னு தலையைப் பிடிச்சுக்கிட்டாக. நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். 'கல்யாணத்துலகூட என் கையை இம்புட்டு இறுக்கிப் பிடிக்கலியே'ன்னு காதுல சொன்னேன், சிரிச்ச நேரத்துல அப்சானா லென்சை உள்ள வச்சிட்டு. ரெண்டாவது கண்ணுக்கும் நானேதான் ஏதோ சொல்லிச் சிரிக்க வச்சேன், அதைத் தம்பிக்கு எழுத முடியாது.

போட்டாச்சு. இனிமேத்தான் வினையே. லென்சைத் தானே போடவும் தானே எடுக்கவும் தெரிஞ்சாத்தான் கையில குடுப்பாகளாம், அது கடைச் சட்டம். 'கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து நீங்களே எடுங்க அண்ணாச்சி'ன்னுச்சு. மூணு தடவை கழுவுனாக. நானும் பாத்தேன். ஆனா காலையில பஸ் ஏறுத வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் களத்துல உக்காந்து வத்தல் காம்பு கிள்ளிக்கிட்டு இருந்ததை அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லணும்னு யாருக்கும் தோணல. வத்தல் காரம் சோப்புக்கா போகும்? நகக்கண்ணுல போயி உக்காந்துக்கிடும், மறுநாள் சோத்துல கை வச்சாலும் ஒறைக்கும். அந்த விரலைக் கொண்டு போயி கண்ணுக்குள்ள விட்டாக பாரு. 'ஆத்தாடி!'ன்னு ஒரு சத்தம். வெளிய நின்ன பஸ்சுக்கு யாரோ விசில் குடுத்துட்டாகன்னு டிரைவர் வண்டியை எடுத்துட்டான். கண்ணைப் பொத்திக்கிட்டுக் கடைக்குள்ள மூணு சுத்து ஆடுனாக. கண்ணாடி அலமாரிக்குக் குறுக்க பாய் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னாக, நல்ல கோல்கீப்பர் மாதிரி. அப்சானா கண்ணைக் கழுவி விட்டு, கழுவி விட்டு, ஒரு லென்சை எடுத்துட்டு. இன்னொண்ணைக் காணல. மேசைக்கு அடியில தேடுதோம், சட்டைப் பையில தேடுதோம், பாய் தாடியிலகூடத் தேடுனோம். கடைசியில அது உன் அத்தான் மீசையில பனித்துளி மாதிரி தொங்கிக்கிட்டு இருக்கு.

'நீங்களாவது போட்டு விடப் பழகிக்கிடுங்க அக்கா'ன்னு என் கையைப் பிடிச்சுச்சு அந்தப் பிள்ளை. பிடிச்ச கையை மோந்து பாத்துட்டு, கையைக் கீழ வச்சிட்டு. 'உங்க வீட்டுல வத்தல் படாத கை யாருக்குமே இல்லியா?'ன்னு கேட்டுச்சு. 'வீடு என்ன வீடு, எங்க ஊர்லயே மாசி பங்குனியில வத்தல் படாத கை தொட்டில்ல கெடக்க பிள்ளைகளுக்குத்தான் தாயி'ன்னேன். அது அவிய பக்கம் திரும்பி, 'அண்ணாச்சி, பத்து நாள் வத்தல்ல கையே வைக்காம வாங்க. அப்பத்தான் லென்ஸ் தருவேன்'னு தீர்ப்புச் சொல்லிட்டு. நல்ல பிள்ளைதான். ஆனா அந்தத் தீர்ப்புல என் தலையில எவ்வளவு பெரிய மூட்டையை ஏத்துதோம்னு அதுக்குத் தெரியாது.

பத்து நாள்! கொம்பையா, உன் அத்தான் மாப்பிள்ளையா வந்தப்பகூட இப்படி உக்காந்து சாப்பிடல. வத்தல் அள்ளணுமா, 'ஏட்டி, என் கை'ம்பாக. சாக்குப் பிடிக்கணுமா, 'என் கை'. மொளகாப்பொடி டப்பாவை எடுத்துக் குடுங்கன்னா, 'கண்ணு விசயம்ட்டி இது, வெளையாடாத'. சோத்தைக் கரண்டியிலதான் சாப்பிட்டாக. வலது கை ஆள்காட்டி விரலுக்கு மட்டும் பால் கவரை வெட்டி உறை மாதிரி மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு, அந்த விரலை மேல தூக்கிக்கிட்டே தெருவுல நடந்தாக. 'அண்ணாச்சி, பூரான் கடிச்சிட்டா?'ன்னு கேக்கான் ஒருத்தன். 'ஓட்டுப் போட்ட மையைக் காப்பாத்துதாரு'ங்கான் இன்னொருத்தன். நானும் இசக்கிச்செல்வியும் அம்புட்டு வத்தலையும் அள்ளி, காயப் போட்டு, காம்பு கிள்ளி, மூட்டை பிடிச்சோம். அவிய நெழல்ல உக்காந்து அந்த விரலால, 'அங்கன ஒண்ணு விழுந்து கெடக்கு பாரு, இங்கன ஒண்ணு'ன்னு காட்டிக்கிட்டு இருந்தாக. அந்தத் தூரத்துல கெடந்ததுல பாதி வத்தலே இல்ல, செங்கல் துண்டு.

கண்ணை இமைக்காம விரலைக் கிட்டக் கொண்டு போகப் பழகணும்னும் அப்சானா சொல்லி விட்டிருந்துச்சு. வேப்பமரத்துல சவரக் கண்ணாடி மாட்டியிருக்கும்லா, அதுக்கு முன்னால நின்னு காலையும் சாயங்காலமும் பழகுனாக. விரல் கிட்ட வந்தவுடனே ஒத்தைக் கண்ணு டப்புன்னு மூடிக்கிடுது. மூணு நாள் கழிச்சு எதிர்த்த வீட்டு வள்ளிமயில் வந்து என்னையத் தனியாக் கூப்பிட்டா. 'மதினி, தப்பா நெனைக்காதீங்க. நான் தண்ணிக் குடம் எடுத்துட்டுப் போறப்ப எல்லாம் அண்ணன் என்னையப் பாத்துக் கண்ணடிக்காக'ன்னா. எனக்கு வந்த சிரிப்புல களத்து வத்தல் நாலு பறந்திருக்கும். 'இருவத்திரெண்டு வருசமா எனக்கு ஒரு தடவை அடிச்சதில்ல. நீ குடத்தைக் கீழ வச்சிட்டு நல்லா வாங்கிக்கோட்டி'ன்னேன். உள்ள போயி அவியகிட்டச் சொன்னேன். மறுநாள்ல இருந்து மாட்டுக் கொட்டத்துல நின்னு பழகுனாக. எருமைக யார்கிட்டயும் போயிச் சொல்லல.

பதினோராம் நாள் மறுபடியும் கோவில்பட்டி. அப்சானா விரலை மோந்து பாத்துச்சு, நகத்தைப் பாத்துச்சு, சரின்னுச்சு. லென்சு கிண்ணம் மாதிரி நிமிந்து நின்னா நேர், தட்டு மாதிரி ஓரம் விரிஞ்சா திருப்பி இருக்குன்னு சொல்லிக் குடுத்துச்சு. ஒம்பது தடவை கீழ போட்டாக, பத்தாவது தடவை தானே போட்டாக. போட்டுட்டு வாசல்ல வந்து நின்னாக. பொறவு எதிர்த்த கடை போர்டை வாசிச்சாக. அதுக்கு மேல மாடியில இருந்த போர்டை வாசிச்சாக. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்க ஆளுக்குச் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லைன்னாக. கடைக்குள்ள பெஞ்சுல உக்காந்திருந்த என்னையத் திரும்பிப் பாத்து, 'ஏட்டி, உன் மூக்குத்தியில ஏழு கல்லா?'ன்னாக. 'கல்யாணத்தன்னைக்கே ஏழுதான்'னேன். கொஞ்ச நேரம் எனக்கே வெக்கமாப் போச்சு. எண்ணிப் பாக்காகல்லா.

அந்தச் சந்தோசம் பாய் ரசீதை நீட்டுத வரைக்கும்தான். வாங்கிப் பாத்தாக, ஒரு எழுத்துந் தெரியல. கையை நீட்டுதாக, தலையைப் பின்னால இழுக்குதாக, கை நீளம் பத்தல. லென்சு கெட்டுப் போச்சுன்னு முகம் வெளிறிட்டு. 'கெடல அண்ணாச்சி, இது தூரத்துக்கு. உங்க வயசுக்கு, பக்கத்துல பாக்கத் தனியா ஒரு கண்ணாடி வேணும்'னு அப்சானா மெதுவாச் சொல்லிச்சு. நான் சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டேன். கண்ணாடி வேண்டாம்னு ஒரு வருசம் சபதம் போட்டு, பத்து நாள் விரலுக்கு உறை போட்டு, கடைசியில கழுத்துல கயிறு கட்டி ஒரு கண்ணாடியைத் தொங்க விட்டுக்கிட்டுத்தான் ஊர் வந்து சேர்ந்தாக. பஸ்சுல நான் ஒண்ணுமே பேசல. 'ஏன் பேசாம வாரே?'ன்னாக. 'பேசுனா சிரிச்சிருவேன்'னேன். 'சிரி'ன்னாக. பேரிலோவன்பட்டி தாண்டுத வரைக்கும் சிரிச்சேன்.

டோர்னமெண்ட் கமிட்டித் தலைவர் ராமசுப்பு அண்ணாச்சி, 'விசில் குடுக்கதுல ஆட்சேபனை இல்ல. ஆனா ஒரு பிராக்டிஸ் மேட்ச் ஊதிக் காட்டட்டும்'னுட்டாரு. போன ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்ப் பயலுகளே ரெண்டு டீமாப் பிரிஞ்சு ஆடுனானுக. கொம்பையா, நீ இருந்து பாத்திருக்கணும். உன் அத்தானுக்கு எல்லாம் தெரியுது! அதான் தொந்தரவே. அந்தக் கோடியில ஒருத்தன் கால்ல பந்து லேசா உரசுனாலும் விசில். ஒருத்தன் மட்டையை ரெண்டு விரக்கடை கூடத் தூக்குனாலும் விசில். பத்து நிமிசத்துல பதினேழு விசில். 'நீ வாயில பாக்கு வச்சிருக்க, துப்பிட்டு ஆடு'ன்னு அம்பதடி தூரத்துல நின்ன பேக் ஆட்டக்காரனுக்கு ஒரு விசில். 'அண்ணாச்சிக்குக் கண்ணு தெரியாம இருந்ததே நமக்கு நிம்மதி'ன்னு ஒரு பய பொலம்புதான். அப்பம் பாத்து மேகாத்து வந்து கிரவுண்டுப் புழுதியை வாரி எறைச்சுச்சு. லென்சுக்குள்ள தூசி. கண்ணுல இருந்து தண்ணி தாரை தாரையா ஊத்துது. அழுதுக்கிட்டே விசிலடிச்சு, அழுதுக்கிட்டே மாரிசெல்வத்துக்கு மஞ்சள் அட்டை காட்டுதாக. அந்தப் பய பதறிப் போயி, 'அண்ணாச்சி, நீங்க மனசு வருத்தப்படாதீங்க, நானே வெளிய போயிருதேன்'னு மட்டையைப் போட்டுட்டு வந்து இவிய தோளைத் தட்டிக் குடுத்துட்டுப் போறான். கைக்கடிகாரம் தெரியாம எடைவேளையையும் எட்டு நிமிசம் தாண்டி விட்டாக. பொறவு இசக்கிச்செல்வி ஓரத்துல நின்னு மணி சொன்னா. ஆனா ஒண்ணு, கோல் விசயத்துல ஒரு தப்பு வரல. கமிட்டி விசிலைக் குடுத்துட்டு.

இவ்வளவும் எதுக்கு எழுதுனேன்னா, பங்குனி முப்பது ஞாயித்துக்கிழமை டோர்னமெண்ட். உன் டீம் பேரை நீ இன்னும் குடுக்கல. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். நீ வரணும். வந்து, மேட்சுக்கு முந்தி அவியகிட்ட, 'தப்புத்தான் அத்தான்'னு ஒரு வார்த்தை சொல்லணும். மைக்குல வேண்டாம், பக்கத்துல போயிச் சொல்லு. கோலா இல்லியாங்கதைப் பத்திப் பேசாத. அவிய மூத்தவுக, நீ சின்னவன், அம்புட்டுத்தான். அவிய வாயால உன் பேரைச் சொல்ல மாட்டாக. ஆனா லென்சு வந்ததுல இருந்து சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல போயி நிக்காக. 'எங்கன போறீய?'ன்னா, 'எட்டயபுரம் பஸ் போர்டு எவ்வளவு தூரத்துல தெரியுதுன்னு டெஸ்ட் பண்ணுதேன்'னாக. கோவில்பட்டி பஸ்சுலயும் போர்டு இருக்கு, ஓட்டப்பிடாரம் பஸ்சுலயும் இருக்கு. அதையெல்லாம் டெஸ்ட் பண்ண மாட்டாகளாம். போர்டைப் பாத்துட்டு வரவும் மாட்டாக, கடைசி ஆளு எறங்குத வரைக்கும் நிக்காக.

அழகுத்தாயிக்கு ரெண்டு கிலோ வத்தல் எடுத்து வச்சிருக்கேன், நீ வந்தாத்தான் கெடைக்கும். பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் கடையில வண்டி நெறைய நிக்கட்டும், ஸ்பேனர் கையை விட்டு எறங்கட்டும், கிரீசும் கறியுமா கை மணக்கட்டும், நீங்க எல்லாரும் நூறு வயசு இருந்து என்கிட்ட ஏச்சு வாங்கணும்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கிச் சுமந்து இடுப்பு ஒடிந்த அக்கா,
வெயிலம்மாள்.

பி.கு.: இன்னைக்குப் புதன்கிழமை. இந்தக் காயிதத்தை ஒட்டப் போகையில இப்படி ஆயிட்டு. காலையில உன் அத்தான் லென்சைப் போட்டுக்கிட்டு ரொம்பக் கெத்தா இருந்தாக. 'அந்த வீடியோவைப் போடு, உன் மாமன் மூக்கை உடைக்கேன்'னு இசக்கிச்செல்விகிட்டச் சொன்னாக. போன்ல போட்டா கிட்டத்துல தெரியல. கழுத்துக் கண்ணாடியைப் போட ரோசம் விடல. அவ டி.வி.யில போட்டா. இவிய வாசல்ல போயி நின்னு பாத்தாக. பெருசா, பளிச்சுன்னு ஓடுது. பந்து கம்பத்துக்கு வெளிய போகுது. சைடு வலை ஓட்டைக்குள்ள நுழையுது. உள்ள போயி உக்காருது. என் கண்ணுக்கே தெரிஞ்சுச்சு, அவிய கண்ணுக்குத் தெரியாமலா? 'திரும்பப் போடு'ன்னாக. ஒம்பது தடவை போட்டா. ஒம்பது தடவையும் பந்து வெளியதான் போச்சு. கண்ணைத் தொடைச்சாக. 'தூசி'ன்னாக. வீட்டுக்குள்ள ஏது தூசி?

அதனால மேல நான் எழுதுன புத்தியை எல்லாம் அடிச்சிரு. நீ மன்னிப்பு ஒண்ணும் கேக்க வேண்டாம். ஒரு வருசமா உன்னைய ஏசுனதுக்கு நாந்தான் கேக்கணும், நேர்ல வா, கேக்கேன். ராமசுப்பு அண்ணாச்சி இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு, எட்டயபுரம் டீம் பேரைக் காலையிலேயே உன் அத்தான் போயி எழுதிட்டு வந்துட்டாகளாம். கேப்டன் கொம்பையான்னு அவிய வாயாலேயே சொன்னாகளாம். இதை உனக்கு நான் எழுதுனேன்னு காட்டிக்கிடாத. வத்தல் சாக்குத் தைக்குத கோணி ஊசியையும் சணலையும் எடுத்துக்கிட்டுக் கிரவுண்டுக்குப் போயிருக்காக, அந்தச் சைடு வலை ஓட்டையைத் தைக்க. ஊசியில சணலைக் கோக்கத் தெரியல, கிட்டத்துலதான் தெரியாதே. என்கிட்ட நீட்டுனாக. நான் கோத்துக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை உன்கிட்ட வந்து ஏதோ சொல்ல வருவாக. முழுசாச் சொல்ல விடாத, 'இருக்கட்டும் அத்தான்'னு உடனே சொல்லிரு. ரொம்ப நேரம் கண்ணு கலங்குனா லென்சு வெளிய வந்துரும்லே, எடுத்துப் போட்டு விட எனக்கு இன்னும் வத்தல் கைதான்.